விழப்போகிற பால் பல்லுக்குக் கேப் எதற்கு?

உங்கள் 5 வயதுப் பையனின் கடைவாய்ப் பால் பல் சொத்தை, டாக்டர் கேப் (பல்லை முழுசாக மூடும் உறை) போடச் சொல்கிறார், எப்படியும் விழப்போகிற பல்லுக்கு இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகளுக்காக நானும் இதையேதான் கேட்டேன். 5 வயது என்றால் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

பால் பல் விழும் என்றதும் நமக்கு முன்பல்தான் ஞாபகம் வரும். அது 6, 7 வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால் பற்கள் பெரும்பாலும் 9 வயதுக்கு மேல்தான் விழத் தொடங்கும். கடைசிப் பல் 12 வயது வரைகூட இருக்கும். உங்கள் பையன் அந்தப் பல்லால் இன்னும் பல வருடம் மென்றாக வேண்டும். அதோடு, 6 வயது வாக்கில் அதற்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலேயே வருவதால் பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். முன்னால் இருக்கும் பால் பல்லைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால் இந்தப் புதுப் பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பால் பல்லுக்கு அடியில் இருக்கும் நிரந்தரப் பல் வர இடம் இருக்காது.

'அடைத்துவிட்டால் போதாதா?' என்று நானும் கேட்டு, அடைத்தும் பார்த்தேன். பால் பல்லின் எனாமல் மெல்லியது. இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில் பெரிய சொத்தை என்றால் அடைப்பு பிடித்து நிற்கச் சுவரே இருக்காது. என் மகளுக்கு இரண்டு முறை உடைந்தது. இரண்டாவது முறை, உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, "அம்மா, என் பல்லு" என்று நீட்டினாள். அன்றைக்குத்தான் கேப் என்று முடிவு செய்தேன்.

ஸ்டீல் கேப் ஒன்றும் புதிது இல்லை. 1950 முதல் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். ஊசியும் வேண்டாம், துளையும் வேண்டாம் என்று ஒரு முறை இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நார்னா ஹால் பெயரால் அதை ஹால் முறை என்கிறார்கள். சொத்தையை அப்படியே விட்டு, மேலே சிமென்ட் வைத்துக் கேப்பால் மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் கிருமிக்கு உணவு கிடைக்காது, சொத்தை பரவாமல் நின்றுவிடும். ஆனால் நரம்பு நன்றாக இருந்தால்தான் இது சரிவரும், எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்வார்கள். ராத்திரி தூக்கத்தில் வலித்து எழுந்தால் நரம்பு வரை போயிருக்கலாம்; அப்போது நரம்புக்குச் சிகிச்சை செய்த பிறகுதான் கேப். ஈறில் சீழ்க்கட்டி வந்துவிட்டால் பெரும்பாலும் பல்லையே எடுக்க வேண்டி வரும். எடுத்தால், இடம் அடைபடாமல் இருக்க ஒரு கம்பி வளையம் வேண்டுமா என்று கேளுங்கள்.

என் மகளுக்கு முதல் நாள் பற்களின் நடுவே சின்ன ரப்பர் வளையம் வைத்து அனுப்பினார்கள், கேப் நுழைய இடம் வேண்டும் என்று. சில நாள் கழித்துக் கேப்பை வைத்துப் பஞ்சைக் கடிக்கச் சொன்னார்கள். சுற்றியிருந்த ஈறு வெளுத்துப்போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த ஒரு பல்தான் இடிக்கிறது, மற்ற பற்கள் சேரவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. டாக்டர் முன்பே சொன்னதுதான், அப்போது என் காதில் விழவில்லை. சில வாரத்தில் கடி தானாகச் சரியாகிவிட்டது.

வெள்ளை வேண்டும் என்றால் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப் உண்டு. அதற்குப் பல்லை நிறையச் சீவ வேண்டும், செலவும் கூடுதல். முன்பல்லுக்கு யோசிக்கலாம், கடைவாய்க்கு அவசியமில்லை என்பது என் எண்ணம். குழந்தைக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்டீல் கேப்பில் நிக்கல் உண்டு. பிறகு கேப்பைத் தனியாகக் கழற்ற வேண்டியதில்லை, பல்லோடு சேர்ந்தே விழுந்துவிடும்.

அப்புறம், பக்கத்துப் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். என் மகளுக்கு ஒட்டியிருந்த பல்லிலும் ஒரு சின்னச் சொத்தை இருந்தது. வெளியில் எதுவும் தெரியவில்லை, எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.