அட்டை வாங்கினால்தான் சமூகப் பணியாளரா?

கேள்வி: மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) முடித்துவிட்டு குழந்தைகள் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 'தேசிய கவுன்சில்' ஒன்றில் 7,500 ரூபாய் கட்டிப் பதிவு செய்யாவிட்டால் இனி இந்தத் துறையில் இருக்க முடியாது, பதிவு செய்தால் இங்கிலாந்துக்கும் போகலாம் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் நச்சரிக்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல எல்லாச் சமூகப் பணியாளருக்குமான சட்டபூர்வ கவுன்சில் இந்தியாவில் இல்லை. முதல் சமூகப் பணிப் பள்ளி மும்பையில் தொடங்கியது 1936-ல். ஏறக்குறைய தொண்ணூறு வருஷம், அப்படியொரு கவுன்சில் அமைக்கும் மசோதா இன்னும் வரைவாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சந்தில்தான் இந்த அட்டை வியாபாரம் நடக்கிறது.

என் மாணவி ஒருத்தி அப்படி ஓர் அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். தங்க நிற முத்திரை, தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கமுகத் தூண் மாதிரி ஏதோ ஒன்று, கீழே பொடி எழுத்தில் 'அரசுப் பதிவு பெற்றது'. சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கமும் அரசுப் பதிவு பெற்றதுதான், அதற்காக அது யாருக்கும் லைசென்ஸ் கொடுக்க முடியுமா? அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் ஆள் பேசினால் "எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு?" என்று மட்டும் கேளுங்கள்.

உண்மையான தொழில்முறை அமைப்புகளும் இருக்கின்றன. 2005-ல் டெல்லியில் தொடங்கிய நாப்ஸ்வி (இந்தியத் தொழில்முறை சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம்), 1970 முதல் இயங்கும் இந்தியத் தொழில்முறை சமூகப் பணிச் சங்கம் போன்றவை. மாநாடு, பயிற்சி, நாலு பேர் அறிமுகம் எல்லாம் கிடைக்கும். சேர்வது உங்கள் விருப்பம். சேராவிட்டால் வேலை போகாது. படிப்பதற்கென்றால், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1940 முதல் நடத்தும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் ஒர்க்' என்ற ஆய்விதழ் இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இதில்தான் பலர் குழம்புகிறார்கள். மனநல சமூகப் பணியாளர் என்று போட்டுக்கொள்ள எம்.எஸ்.டபிள்யூ. போதாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு மேல் இரண்டு வருஷ முழுநேர எம்.பில். வேண்டும், மாநில மனநல ஆணையத்தில் பதிவும் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வில் மனநலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தேனே என்றாலும் செல்லாது. ஆறு மாத டிப்ளமோவும் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், சட்டம் எம்.பில். கேட்கிறது, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யோ 2022-ல் எம்.பில்.லையே நிறுத்தியது, அப்புறம் இந்தப் படிப்புக்கும் மருத்துவ உளவியல் எம்.பில்.லுக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்பு கொடுத்தது. ஒரு கை செய்வது இன்னொரு கைக்குத் தெரிந்தால்தானே! அதனால் இதில் சேரும் எண்ணம் இருந்தால், இன்றைய நிலை என்ன என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், புரோக்கர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

சரி, இங்கிலாந்து. அங்கே சமூகப் பணியாளர்களைப் பதிவு செய்யும் 'சோஷியல் ஒர்க் இங்கிலாந்து' என்ற அமைப்பில் நீங்களே நேராக விண்ணப்பிக்க வேண்டும், இங்குள்ள எவருடைய அட்டைக்கும் அங்கே மதிப்பில்லை. முதியோரைப் பராமரிக்கும் கேர் ஒர்க்கர் வேலையைக் காட்டி சோஷியல் ஒர்க்கர் வேலை என்று பணம் பறிக்கும் ஏஜென்டுகளும் உண்டு, இரண்டும் வேறு வேறு வேலை. விண்ணப்பிக்கும்போது நீங்கள் என்ன படித்தீர்கள், எவ்வளவு களப்பணி செய்தீர்கள் என்பதற்குத்தான் ஆதாரம் தேவைப்படும். பாடத்திட்ட நகலை இப்போதே நீங்கள் படித்த கல்லூரித் துறையில் வாங்கி வையுங்கள், களப்பணி அறிக்கைகளை எடைக்குப் போட்டுவிடவில்லையே?