ஓலையா பாம்பா: பயம் பற்றிய கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வு பெற்ற உடலியல் ஆசிரியர், நாகர்கோவில்)

குலசேகரம்: விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனபோது தலைவிளக்கு வெளிச்சத்தில் ஓலையைப் பார்த்துப் பாம்பென்று துள்ளிவிட்டேன். மூளை ஏன் இப்படி ஏமாறுகிறது?

பதில்: ஏமாறவில்லை அண்ணாச்சி, அவசரப்பட்டது. கண்ணில் பட்டது, மூளையின் நடுவே புலன் செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸ் வழியாக, பார்த்ததை அடையாளம் காணும் பார்வைப் புறணிக்குப் போய், உருவம் தெளிவாகி, ஆபத்தை எடைபோடும் அமிக்டலாவுக்கு வருவது நீள வழி. தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு நேரே போகும் குறுக்குவழியை எலிகளுக்கு ஒலி கேட்கவைத்துக் காட்டியவர் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ. மனிதக் கண்ணுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் இன்னும் சண்டை உண்டு. எப்படியோ, அமிக்டலா, உடலை உஷார்ப்படுத்தும் ஹைப்போதலாமஸை உசுப்ப, நெஞ்சு படபடக்கிறது. 'அட, ஓலைதான்' என்று நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை அடக்குவது அப்புறம்தான்.

குளச்சல்: 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அம்மா கடற்கரைக்கே வருவதில்லை. அலைச் சத்தம் கூடினால் கதவைச் சாத்துகிறார். இத்தனை வருடத்தில் மறந்திருக்காதா?

பதில்: மக்களே, பயம் சிலேட்டு எழுத்தைப் போல அழியாது. பழையது அப்படியே கிடக்க, 'இங்கே இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடம் அதன்மேல் ஏறும். 'இங்கே' எது என்று சொல்வது, இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ். அமிக்டலாவைப் பிடித்து நிறுத்துவது முன்மூளையின் உட்பகுதி. கரைக்கே போகாத அம்மாவுக்கு அந்தப் பாடம் படிக்க வாய்ப்பே இல்லை. அதற்காகக் கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள். மனநல மருத்துவர் துணையோடு படிப்படியாகப் போகட்டும். மாத்திரை தந்திருந்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

தக்கலை: நான் இடது மூளைக்காரனா, வலது மூளைக்காரனா?

பதில்: இன்றைக்கு இது நாலாவது முறை. இரண்டும் உங்களுடையதுதான்.

திங்கள்சந்தை: பயத்தின் மையம் அமிக்டலாதானே?

பதில்: மேலே படித்துவிட்டு வாருங்கள். எத்தனை பகுதி சொல்லியிருக்கிறேன்!

மார்த்தாண்டம்: விடமாட்டேன் சார். எஸ்.எம். என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு இரண்டு பக்க அமிக்டலாவும் கெட்டுப்போனது. பாம்பைக் கண்டும் பயமில்லை. அப்போ அதுதானே மையம்?

பதில்: நல்ல அடி, ஆனால் பாதிக் கதை. 2013-இல் வெளிவந்த ஆய்வில் அவரையும், அதே பாதிப்புள்ள இரட்டைச் சகோதரிகளையும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். மூச்சுமுட்டி, அமிக்டலா கெட்டிருந்தும் மூவரும் பதறிப்போனார்கள். பாம்பு வெளியே இருக்கும் ஆபத்து. மூச்சுமுட்டல் உடலுக்குள்ளேயே எழுவது.

மார்த்தாண்டம்: அப்போ அமிக்டலா வேண்டாமா?

பதில்: யார் சொன்னது? வீட்டுக்கு முன்வாசல் ஒன்றுதான் என்கிறீர்கள். அடுக்களைக் கதவும் உண்டு என்கிறேன்.

கருங்கல்: ஒற்றைத் தலைவலிக்கு எந்த மாத்திரை நல்லது?

பதில்: நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால், மறுபடியும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.