அமெரிக்க அடிப்படைவாதமும் நிறவெறியும்: கேள்வி பதில்

(1900 முதல் 1930 வரையிலான காலம் பற்றி வந்த கேள்விகளில் சில. இங்கே அடிப்படைவாதிகள் என்பது பைபிளை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று நம்பிய அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை.)

கேள்வி: சார், 'அடிப்படைவாதி' என்பது திட்டுவதற்கு வைத்த பெயரா?

பதில்: இல்லை, விரும்பிச் சூட்டிக்கொண்டது. 1910 முதல் 1915 வரை 'அடிப்படைகள்' என்று 12 தொகுதிகள் வந்தன. எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டூவர்ட் பணம் கொடுக்க, போதகர்களுக்கு இலவசமாகவே அனுப்பினார்கள். 1920இல் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போராடத் துணிந்தவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்.

கேள்வி: பைபிளில் நோவா தன் மகன் காமைச் சபித்ததால்தான் கறுப்பர்கள் அடிமைகள் ஆனார்கள் என்று போதித்தார்களாமே?

பதில்: போதித்தார்கள். ஆதியாகமம் 9ஐ எடுத்துப் பாருங்கள். சாபம் விழுவது காமின் மகன் கானான் மேல். நிறத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. எழுத்துக்கு எழுத்து வேதம் என்றவர்கள் இந்த இடத்தில் மட்டும் தாராளமாக இருந்துவிட்டார்கள்.

கேள்வி: அண்ணா, அப்போ கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பும் அடிப்படைவாதிகளும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றில்லை, நடுவில் இருந்த வேலிதான் ரொம்பத் தாழ்வு. 1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் கிளானுக்கு மறுபடி உயிர் கொடுத்த வில்லியம் சிம்மன்ஸ், முன்னாள் மெதடிஸ்ட் போதகர். ஆராதனை நடக்கும்போதே முகமூடியோடு நுழைந்து காணிக்கை வைத்துவிட்டுப் போவது கிளான்காரர்கள் வழக்கம். வாங்க மறுத்த போதகர்களும் உண்டு.

கேள்வி: பரிணாமக் கொள்கையைப் பாடம் நடத்தியதாக ஆசிரியர் ஸ்கோப்ஸ் மேல் போட்ட வழக்கில் டார்வின் பக்கம் நின்றவர்களாவது நிறவெறி இல்லாதவர்களா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 1925இல் டென்னசியின் டேட்டனில் நடந்த அந்த வழக்கின் மையத்தில் இருந்தது ஹன்டரின் உயிரியல் பாடநூல். மனிதரை ஐந்து இனமாகப் பிரித்து, வெள்ளையரை உச்சியில் வைத்த புத்தகம் அது. 'தரம் குறைந்த' குடும்பங்கள் பெருகக் கூடாது என்ற இனமேம்பாட்டு வாதமும் அதில் இருந்தது. ஸ்கோப்ஸை எதிர்த்து வாதாடிய அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், வலியவன் எளியவனை விழுங்குவதற்கு டார்வினியம் நியாயம் கற்பிக்கிறது என்று அஞ்சியவர். சரி, அவர் கறுப்பர்களுக்காகப் பேசினாரா? 1924 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது, பெயர் வேண்டாம் என்று வாதிட்டவரே அவர்தான்.

கேள்வி: கறுப்பின விசுவாசிகள் என்ன செய்தார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதை இதில்தான் இருக்கிறது. வேதத்தை அப்படியே நம்பியவர்கள் கறுப்பர் சபைகளிலும் ஏராளம். வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன். ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைப் போதகரின் வேதாகமப் பள்ளியில் வகுப்புக்குள் உட்கார அவருக்கு இடமில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டார். 1906 ஏப்ரலில் அதே சீமோர் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், குதிரை லாயமாகிப்போன ஒரு பழைய தேவாலயத்தில் கூட்டம் நடத்தினார். பெந்தெகொஸ்தே இயக்கம் உலகமெங்கும் பரவியது அங்கிருந்துதான். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பலகையில் முழங்காலிட்டார்கள். பார்க்க வந்த பார்ஹாமுக்குப் பொறுக்கவில்லை, கண்டித்துப் பேசினார். அங்கிருந்தவர்கள் அவரை ஏற்கவில்லை. பிற்காலத்தில் அவர் கிளானைப் புகழ்ந்தார்.