லீனா, சிக்ஸ் சிக்மாவா, 5எஸ்ஸா?

கேள்வி: சார், பர்கூர் பக்கத்துல 30 மெஷின் போட்டு ஷர்ட் யூனிட் நடத்துறேன், பெங்களூரு கம்பெனிக்கு ஜாப் ஒர்க். ஒரு நாளைக்கு 400 பீஸ் கேக்குறாங்க, 300 தாண்டவே மாட்டேங்குது. ஒருத்தர் வேஸ்ட்டைக் குறைக்கற லீன் முறைய பண்ணுங்கறார், இன்னொருத்தர் சிக்ஸ் சிக்மா ட்ரெய்னிங்குக்கு கொட்டேஷனே அனுப்பிட்டார், மச்சான், சாமானை அதது எடத்துல ஒழுங்கா வெக்கற 5எஸ் போதும்ங்கறான். எதைங்க எடுக்கறது?
(ஒரு வாசகர், பர்கூர்)

பதில்: கொட்டேஷனை மடிச்சு உள்ள வைங்க மொதல்ல. சிக்ஸ் சிக்மா 1986ல மோட்டோரோலாவுல ஆரம்பிச்சது, பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 தப்புதான் வரலாம்னு கணக்கு, அதுக்கு டேட்டா எக்கச்சக்கமா வேணும், நம்ம ஊர் சின்ன யூனிட்ல ஆல்ட்ரேஷன் (தப்பா தச்சு திருத்தத் திரும்பி வர்ற பீஸ்) எத்தனைன்னு எழுதற நோட்டே பாதி இடத்துல கிடையாது!

லைன்ல போய் நில்லுங்க, எந்த மெஷின் முன்னாடி பண்டில் (வெட்டின துணிக்கட்டு) குமியுதுன்னு ஒரு வாரம் மணிக்கு மணி குறிச்சு வைங்க. காலர் வெக்கற எடமா இருக்கலாம். ஷிப்ட் 480 நிமிஷம், 400 பீஸ்னா 72 செகண்டுக்கு ஒண்ணு விழணும். காலர் வெக்கற அக்காவுக்கு 90 செகண்ட் ஆகுதுன்னா நாள் பூரா தலை நிமிராம தச்சாலும் 320தான், மத்த மெஷின் எல்லாம் பறந்தாலும் 320தான், அதுல செக்கிங்ல திரும்பி வர்றத கழிச்சா உங்க 300 வந்துடுச்சு பாருங்க. அந்த 90ல ஊசி ஓடறது எவ்வளவுன்னு செல்போன்லயே டைம் பாருங்க. பண்டில் முடிச்சு அவுக்கறது, ஸ்டிக்கர் நம்பர் ஒத்துப் பாக்கறது, காலர் நடு நாட்ச் (அடையாள வெட்டு) தேடறது, கத்திரி எங்கன்னு பக்கத்து டேபிள்ல கேக்கறது, இதெல்லாமும் அதுக்குள்ளதான் இருக்கு. பண்டில் பிரிக்கறதையும் நடு மார்க் பண்றதையும் ஹெல்பர்கிட்ட விடுங்க, கத்திரிய மெஷின்லயே கயிறு போட்டுக் கட்டுங்க (இந்த எடத்துல மச்சான் ஜெயிச்சுட்டாரு). டொயோட்டாவுல இருந்து வந்த லீனோட பெரும்பகுதி இப்படி வீணாப்போற நேரத்தை புடிக்கறதுதான். அப்பவும் 72க்கு வரலன்னா காலருக்கு இன்னொரு மெஷின் ஒதுக்குங்க.

ஆல்ட்ரேஷன் ஜாஸ்தின்னா கடைசி டேபிள்ல புடிச்சு பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள அதே தப்பு பண்டில் பூரா போயிருக்கும், லைன் நடுவுலயே ஒரு செக்கிங் போடுங்க. போர்டுல டார்கெட் எழுதிட்டு கத்தினா காலர்தான் கோணலா வரும்.

கேள்வி: மாங்கா சீசன்ல எங்க டெய்லருங்க பாதி பேர் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போயிடறாங்க, லைனே படுத்துடுது. இதுக்கும் முறை இருக்குங்களா?
(ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: ஒரு சார்ட்ல பேரை கீழ கீழ எழுதி, காலர், கஃப், ஸ்லீவ்னு வேலைய பக்கவாட்டுல எழுதி, தெரிஞ்சதுக்கு டிக் போடுங்கம்மா. ஒரே ஒரு டிக் இருக்கற வேலைதான் உங்களுக்கு ஆபத்து, அதுக்கு சீசனுக்கு முன்னாடியே இன்னொரு ஆள பழக்கிடுங்க. கூலி அங்க கூடன்னு போறாங்கன்னா சார்ட் ஒண்ணும் பண்ணாது, பீஸ் ரேட்டத்தான் பாக்கணும்.