பீட்டா போட்டவர்களின் கேள்விகள்

திருவாரூர் வாசகர்: ஆண்ட்ராய்டு பீட்டாவுக்கு (இறுதிப் பதிப்புக்கு முன் சோதனைக்கு விடும் பதிப்பு) மாறியதிலிருந்து வங்கி ஆப் திறக்கவில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

எதை மாற்றியும் பயனில்லை. பாதுகாப்புச் சோதனையில் தேறாத சிஸ்டத்தைப் பல வங்கி ஆப்கள் ஏற்பதில்லை. பீட்டா சில சமயம் அதில் மாட்டிக்கொள்ளும். அடுத்த அப்டேட்டில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். யுபிஐ ஓடும் போனில் பீட்டா வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது?

கும்பகோணம் வாசகர்: நண்பனுக்கும் எனக்கும் ஒரே வாட்ஸ்அப் பீட்டா. அவனுக்கு வந்த வசதி எனக்கு வரவில்லை.

சர்வரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்துவிடுவார்கள். காத்திருங்கள்.

மன்னார்குடி, உரக்கடைக்காரர்: பில்லிங் மென்பொருளின் பீட்டா வேலை செய்யவில்லை. நிறுவனத்துக்குப் பலமுறை எழுதியும் பதில் இல்லை. அவர்கள் இப்படிச் செய்யலாமா?

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த 'வேலை செய்யவில்லை'தான். எது வேலை செய்யவில்லை? திறக்கவே இல்லையா, பில் அச்சாகவில்லையா, கூட்டுத்தொகை தப்பா? பயிர் வாடுகிறது என்று மட்டும் ஒருவர் வந்து சொன்னால் நீங்கள் மருந்து எடுத்துக் கொடுப்பீர்களா? என்ன ரகம், நட்டு எத்தனை நாள், இலை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டீர்களா? பதிப்பு எண், விண்டோஸ் எது, பிரிண்டர் எது, வரிசையாக என்னென்ன செய்தீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று எழுதுங்கள். மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இவ்வளவு எழுதினாலும் தனிப்பட்ட பதில் வரும் என்று நினைக்காதீர்கள். குறை பட்டியலில் ஏறும், அவசரத்தைப் பார்த்து எடுப்பார்கள். சில குறைகள் இறுதிப் பதிப்பிலும் இருக்கும்.

அப்புறம், சம்பா நடவு நேரத்தில், யூரியாவும் டிஏபியும் மூட்டை மூட்டையாகப் போகும்போது, கடையில் இருக்கும் ஒரே கணினியிலா பீட்டா போடுவது? பில்கள் போய்விட்டால் ஜிஎஸ்டி தாக்கலுக்கு எதைப் பார்த்து எழுதுவீர்கள்? வேறு கணினியில், போலி பில்களை வைத்துச் சோதியுங்கள். அது முடியாதென்றால் உங்களுக்குப் பீட்டா வேண்டாம்.

மயிலாடுதுறை வாசகர்: படங்கள் அழியாமல் பீட்டாவிலிருந்து வெளியே வர முடியுமா?

என்ன போன் என்று எழுதவில்லை. கூகுளின் பிக்சல் என்றால், இப்போது விலகிப் பழைய பதிப்புக்கு இறங்கினால் மொத்தமும் அழியும். இறுதிப் பதிப்பு வரும்வரை பொறுத்து, அதைப் போட்டுக்கொண்டு, அடுத்த பீட்டா ஏறுவதற்குள் விலகினால் அழியாது. ஐபோன் என்றால், பீட்டாவில் எடுத்த பேக்கப் பழைய ஐஓஎஸ்-இல் ஏறாது. அதனால்தான் பீட்டா போடும் முன்பே பேக்கப் எடுங்கள் என்கிறேன்.

தஞ்சாவூர் மாணவி: பிளே ஸ்டோரில் ஒரு பீட்டா ஆப்புக்கு நான் எழுதிய விமர்சனம் யாருக்கும் தெரியவில்லை.

பீட்டாவில் இருப்பவர் எழுதுவது டெவலப்பருக்கு மட்டுமே போகும்.

நாகப்பட்டினம் வாசகர்: ஐபோனில் டெஸ்ட்ஃப்ளைட் (பீட்டா ஆப்களைச் சோதிக்க ஆப்பிள் தரும் ஆப்) வழியாகப் போட்ட ஆப் திடீரென்று நின்றுவிட்டது.

அதில் வரும் ஒவ்வொரு சோதனைப் பதிப்புக்கும் 90 நாள்தான் ஆயுள். புதியது வந்திருந்தால் அப்டேட் செய்யுங்கள். வராவிட்டால் ஆப் ஸ்டோரில் இருக்கும் பதிப்புக்குப் போய்விடுங்கள்.