இங்கிலாந்தின் பழைய கடைத்தெருச் செங்கல் வீடுகள் முன்பக்கம் நேர்த்தியாகவும் உள்ளே கோணலாகவும் இருப்பது ஏன்?

அவற்றில் பல வீடுகள் செங்கல்லால் கட்டப்பட்டவையே அல்ல என்பதுதான் காரணம். 18ஆம் நூற்றாண்டில் சமச்சீரான முகப்பும், மேலும் கீழும் நகரும் சன்னல்களும் நாகரிகமானபோது, பழைய மரச்சட்ட வீடுகளை இடிக்க மனமோ பணமோ இல்லாத வணிகர்கள், தெருவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் புதுச் செங்கல் சுவர் எழுப்பிக்கொண்டனர். சாய்ந்த தளங்களும் செங்குத்தான கூரையும் பின்னால் அப்படியே நின்றன.

சசெக்ஸில் உள்ள லூயிஸ் நகரில் இந்த வித்தை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே செங்கல்லாகத் தெரிவது பல இடங்களில் ஓடு. ஒவ்வொரு ஓட்டின் மேல்பகுதியையும் ரீப்பரில் ஆணியடித்து, அடுத்த வரிசையால் மறைத்து, இடுக்கில் சுண்ணாம்புக் காரை பூசினால், அசல் செங்கல் வரிசை போலவே தோன்றும். முகப்பின் ஓரத்தில், ஓட்டின் விளிம்பை மறைக்க வைத்த செங்குத்துப் பலகைதான் பெரும்பாலும் குட்டை உடைக்கும். 1784இல் வந்த செங்கல் வரியிலிருந்து தப்பவே இந்த ஓடுகள் பிறந்தன என்று வழிகாட்டிகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. அதே ஆண்டு ஓட்டுக்கும் வரி வந்துவிட்டது, இவ்வகை ஓடுகளோ அதற்கும் முந்தியவை.

அசல் செங்கல் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபார்ன்ஹாமில் 1718இல் எழுந்த வில்மர் இல்லம் போதும்.