எலும்பைக் கட்டும் செல்களில் மருந்து தேடுவது: கேள்வி பதில்

எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோயான எலும்புப்புரைக்கான மரபணு ஆய்வுகள் குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, எலும்பு செல் ஆய்வகத்தில் பணிபுரியும் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

எலும்புப்புரைக்குத்தான் மாத்திரைகள் இருக்கின்றனவே, இந்தத் தேடல் எதற்கு? (ஓர் ஆசிரியை)

இருப்பவற்றில் பெரும்பாலானவை எலும்பை அரிக்கும் செல்களை அடக்குபவை. போனது போகட்டும், இருப்பதாவது நிற்கட்டும் என்பதுதான் அவற்றின் வேலை. புது எலும்பைக் கட்டவைக்கும் மருந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் எலும்பு ஆக்க செல்களான ஆஸ்டியோபிளாஸ்ட்கள் மேல் எங்கள் கண்.

எந்த மரபணு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? (உயிரியல் மாணவர்)

லட்சக்கணக்கானோரின் உடல்நலத் தரவுகளைச் சேமிக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் திரட்டிய 4,26,824 பேரின் குதிகால் எலும்பு அளவீடுகளை மரபணுத் தரவுகளோடு ஒப்பிட்டு, எலும்பு அடர்த்தியோடு தொடர்புள்ள 518 இடங்களை டிஎன்ஏவில் கண்டார்கள். இடம் தெரிந்துவிட்டால் மரபணு தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த இடங்களில் பெரும்பாலானவை புரதம் எதையும் தயாரிக்காத பகுதியில் கிடக்கின்றன. எங்கோ தள்ளி இருக்கும் மரபணுவுக்கான சுவிட்ச் அங்கே இருக்கலாம்.

ஆகவே, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தைக் குறிவைக்கும் கிறிஸ்பர் முறையில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்க்கிறோம். இதற்கு உதவும் மனித செல் வகை ஒன்று, 34 டிகிரி செல்சியஸில் பெருகும். 39 டிகிரிக்கு மாற்றினால் பெருகுவதை நிறுத்தி முதிரத் தொடங்கும். பிறகு, முதிர்ந்த செல்களில் மிகுந்திருக்கும் அல்கலைன் பாஸ்படேஸ் நொதிக்குச் சாயமேற்றுகிறோம். செல்கள் வளரும் தட்டில் குழிகள் பல உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்சை அணைத்திருப்போம். வெளிறிய குழியில் அணைக்கப்பட்டது எலும்புக்கு வேண்டிய ஒன்று. அடர்ந்து நிறமேறிய குழியில் அணைக்கப்பட்டது எலும்புக்குத் தடையாக இருந்த ஒன்று. அதைப் பார்த்தால் எனக்குக் கூடுதல் உற்சாகம்: மரபணு ஒன்றைத் தூண்டும் மருந்தைவிடத் தடுக்கும் மருந்தைச் செய்வது பொதுவாக எளிது.

இப்படி மரபணுவிலிருந்து மருந்து வந்ததுண்டா? (மருந்தாளுநர்)

உண்டு, ஆனால் வழி வேறு. தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுமீறி வளரும் அரிய நோய் உண்டு. மண்டையோட்டின் துளைகள் குறுகி நரம்பு நசுங்கிக் காது கேட்காமல்கூடப் போகும். 2001இல் காரணம் தெரிந்தது: ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதாகியிருந்தது. எலும்பு கட்டுவதற்குத் தடை போடும் புரதம் அது. நெதர்லாந்தின் உர்க் ஊரில் இதை ஒத்த வான் புக்கெம் நோயில் மரபணுவுக்கு ஒரு கீறலும் இல்லை. சற்றுத் தள்ளி 52,000 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருந்தன. சுவிட்ச் அங்கேதான் இருந்தது!

அந்தப் புரதத்தைப் பிடித்துவைக்கும் ரோமோசோசுமாப் ஊசிக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் எங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஸ்கிளிரோஸ்டினைப் பெரும்பாலும் சுரப்பவை எலும்புக்குள் புதைந்துவிட்ட ஆஸ்டியோசைட் செல்கள். ஆஸ்டியோபிளாஸ்ட்டை மட்டும் சோதித்திருந்தால் இவ்வளவு நல்ல இலக்கு கைநழுவியிருக்கக்கூடும்.

என் தாயாருக்கு அந்த ஊசி போடலாமா? (ஒரு மகன்)

மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை, 12 மாதங்கள். அதன் பிறகு, கிடைத்த எலும்பைக் காக்க வேறு மருந்து அவசியம். கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் தொடங்கக்கூடாது என்பது அமெரிக்க எச்சரிக்கை. அம்மாவின் இதய வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

நானே மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா? (வயது 58)

வேண்டாம். அந்த 518 இடங்களில் பெரும்பாலானவை தனித்தனியே செய்வது கடுகளவு. எலும்பு அடர்த்தியை எக்ஸ்-ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். உங்கள் அடர்த்தியை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்ணான டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை.